அமாவாசைக் கை

“இன்னிக்கும் ஆரம்பிச்சுட்டான் மேடம்” என்றார் போனில் ரங்கநாத். “காலைலேர்ந்து நிறுத்தாம அடிச்சிண்டே இருக்கான்.”

வடிவு சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். அமாவாசை.

போன அமாவாசையன்றும் இதே கூத்துதான். அதற்கு முந்தைய அமாவாசைக்கும் அப்படியே. மற்ற நாளெல்லாம் எங்கேயோ பதுங்கிக் கிடப்பவன் அன்றைக்கு மட்டும் முளைத்து வந்து, அவள் கட்டுரைகளை ஒட்டி வரும் விளம்பரங்களை ஒன்று விடாமல் சொடுக்கித் தள்ளுகிறான். செய்வினை வைப்பவன்கூட இவ்வளவு கச்சிதமாக நாள் பார்க்க மாட்டான்.

ரங்கநாத் சென்னையிலிருந்து ஓர் இணையதளம் நடத்தினார். அதில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். விளம்பரங்களை ஆட்கள் சொடுக்கினால் பணம் வரும், அதில் எழுதுகிறவருக்கும் ஒரு பங்கு உண்டு. மனமுள்ள வாசகர்கள் தங்கள் வங்கிக் கார்டு வழியாகத் தனியாகவும் அனுப்பலாம்.

விசைத்தறிச் சேலையைக் கைத்தறிப் பட்டு என்று சொல்லி ஊரை ஏய்க்கும் பெரிய கடையைப் பற்றி அதில்தான் வடிவு எழுதினாள். கடை முதலாளி மாணிக்கவாசகம் சும்மா இருப்பாரா? மானநஷ்ட வழக்குப் போட்டுவிட்டார்.

நெசவாளர் சொசைட்டியில் குமாஸ்தாவாக இருப்பவளுக்கு நல்ல வக்கீலை வைக்க வசதி ஏது? துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த முகம் தெரியாத வாசகர்கள்தான் கை கொடுத்தார்கள். அவர்கள் அனுப்பிய பணம் அவள் பெயரில் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை விசாரணைக்குள் அது கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் கூண்டில் அவள் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

“காசுக்காக நீங்களே ஆள் வெச்சு அமுக்கறேள்னு விளம்பரக் கம்பெனி நினைக்கறா மேடம். இன்னிக்கு இது நிக்கலேன்னா உங்க பக்கத்தையே மூடச் சொல்லிட்டா. அப்புறம் வாசகர் பணமும் அனுப்பினவாளுக்கே திரும்பிப் போயிடும்.”

“எவன்னு கண்டுபிடிக்க முடியலையா சார்?”

“இணைப்பு உங்க சின்ன காஞ்சிபுரத்துலதான் இருக்கு. போஸ்ட் ஆபீஸ் எதிர் மாடியில ஒரு பிரவுசிங் சென்டராம்.”

வடிவு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தெரு செத்துக் கிடந்தது. அமாவாசைக்கு யாரும் தறியில் உட்காருவதில்லை, அதனால் எந்த வீட்டிலும் சத்தம் இல்லை. ஆண் வாடையே காணோம்.

தனியாகப் போகப் பயமாக இருந்தது. துணைக்குப் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் தர்மனைக் கூப்பிடலாம் என்று கதவைத் தட்டினாள். அவர் மனைவி இந்திராணி கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அவரு காலைலயே போய்ட்டாரும்மா. எங்கன்னு எனக்குத் தெரியாது” என்றவள், முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்திக்கொண்டாள். வடிவுக்குச் சுருக்கென்றது. இவர்களுமா மாணிக்கவாசகத்துக்குப் பயப்படுகிறார்கள்?

சென்டரின் மாடிப்படிக்குக் கீழே டீக்கடை. அங்கே கையில் கிளாஸோடு நின்றவனைப் பார்த்ததும் அவள் சட்டென்று நின்றாள். மாணிக்கவாசகம் கடையின் மேனேஜர் ராமராஜன்!

“என்னம்மா, திங்கக்கெழம கோர்ட்டுக்கு வர்றல்ல?” என்று இளித்தான். “வக்கீல் யாரனா கெடச்சாரா?”

அந்த இளிப்பிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கீழே இவன் காவல். மேலே இன்னொருவன் கைவரிசை. விடுவிடுவென்று படியேறினாள்.

அவளைக் கண்டதும் சென்டர் நடத்தும் சிட்டிபாபு பேயைக் கண்டவன் மாதிரி எழுந்தான்.

“இப்ப எடம் இல்லக்கா. அப்பால வாங்க.”

“உள்ள யாரு?”

“அது வந்து... உங்கள மட்டும் உள்ள வுடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்கக்கா.”

“மாணிக்கவாசகம் உனக்கு எவ்ளோ குடுத்தான்?”

அவன் உள்ளே போகும் வழியை மறித்து நின்றான். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மவுஸ் சொடுக்கும் சத்தம் விடாமல் கேட்டது. “நவுரு, இப்ப நான்” என்று யாரோ அடிக்குரலில் சொன்னார்கள். அப்படியானால் ஒருவன் இல்லை. கூட்டமாகவே சேர்ந்து அவளைக் கவிழ்க்கிறார்கள்!

அந்த நேரம் பார்த்து அவள் செல்போன் அடித்தது.

“மூடிட்டா மேடம்.” ரங்கநாத்தான். “பணமும் போயிடுத்து. என்னால ஒண்ணும் பண்ண முடியல.”

வடிவுக்கு இத்தனை நாள் பொறுத்த ஆத்திரமெல்லாம் உச்சிக்கு ஏறியது. வழக்கு போனால் போகட்டும், இந்தக் கையை முறிக்காமல் இங்கிருந்து நகர்வதில்லை. சிட்டிபாபுவைத் தள்ளிவிட்டு, தடுப்புக் கதவை எட்டி உதைத்தாள்.

உள்ளே அவள் தெருவின் தறிக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே கம்ப்யூட்டரை நெருக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். மவுஸும் கையுமாக நடுவில் உட்கார்ந்திருந்த தர்மன், அவளைப் பார்த்ததும் விரலை உதறிவிட்டுக்கொண்டு பெருமையாகச் சிரித்தார்.

“தெரிஞ்சா வேணாம்னுடுவியேன்னுதான் சொல்லல வடிவு, கார்டு இருக்கறவங்க பணம் அனுப்பறாங்க, நாங்க உன் வக்கீல் செலவுக்கு வெரல் நோவ அமுக்கிக்கினு இருக்கறோம்மா!”