பதினோரு மணிக்கு இறங்கும் சூடு

அடையிலிருந்த எங்கள் கோழி மகாராணி திடீரென்று செத்துப்போனாள். அவளுடைய ஒன்பது முட்டைகளுக்காக என் மனைவி தெர்மகோல் பெட்டிக்குள் ஒரு பல்பை மாட்டினாள். சூடு முப்பத்தேழரை டிகிரியில் நின்றது. ஆனால் தினமும் காலை பதினோரு மணிக்கு, பல்பு எரியும்போதே முப்பத்துநாலுக்கு இறங்கும். பத்தே நிமிடத்தில் ஏறிவிடும்.

"மகாராணி எரை தின்ன எறங்குற நேரமாச்சே அது?" என்றேன்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று மனைவி வயரை மாற்றினாள்.

பதினெட்டாம் நாள் காலையில் பார்த்தால் பல்பு ஃபியூஸ் போயிருந்தது. எப்போது போனதோ! பெட்டிக்குள் அப்போதும் முப்பத்தேழரைதான்.

மனைவி புதுப் பல்பைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்குச் சூடு இறங்கியது. பல்பைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியருகே ஒரு பிடி நொய்யை இறைத்தாள்.

"சீக்கிரம் தின்னுட்டுப் போடி. முட்டை ஆறுது."