பனியில் துருத்திய நாக்கு

நான்கு பருவங்களிலும் பிள்ளைகள் விளையாடும் படவரிசையில் இது கடைசி, பனிக்காலம். அச்சுக்காகச் செதுக்க செர்ரிப் பலகையில் ஒட்டிய ஓவியத்தாளில் ஒரு சிறுமி கீழிமையை விரலால் இழுத்து, நாக்கைத் துருத்தி, குதிரையில் வரும் சாமுராய்க்குப் பழிப்புக் காட்டுகிறாள். "சாமுராயைக் கேலி பண்ணினா தணிக்கை அதிகாரி அனுமதி முத்திரை தரமாட்டாராம், ஓகினு. மீறினா நம்ம கைக்கு விலங்குதான். அந்தக் குட்டியை வழிச்சு எடுத்துடு," என்று பதறுகிறார் பதிப்பாளர் கிஹெய். சன்னல் வெளிச்சத்தில் செதுக்குக்காரி ஓகினுவின் உளி இறங்குகிறது. குதிரை சுருள் சுருளாய் உதிர்கிறது. சாமுராய் வாளோடு சீவலாகி அவள் மடியில் விழுகிறான். "ஐயோ, குட்டியைத்தானே எடுக்கச் சொன்னேன்!" "கேலி பண்றதுக்குத்தான் இப்ப ஆளே இல்லையே, முதலாளி." துருத்திய நாக்குக்கு நேர் எதிரே ஒரு சிறு வட்டத்தை மட்டும் உளி தொடாமல் விட்டிருக்கிறது. "அது எதுக்கு?" "அதிகாரியோட முத்திரைக்கு."