அந்நிய விரல்

ஓராண்டு பயன்பாட்டுக்குப் பின் மிதவைச் சட்டை எப்படி இருக்கிறது என்று படிவம் கேட்டது. தூத்துக்குடிக் கடலுக்கடியில் பவளம் நடும் பிரகாசி வரிசையாக எழுதினாள். காற்றுக் கசிவு இல்லை. பட்டை தளரவில்லை. தையல் பிரியவில்லை.

கடைசி வரியில் பேனா நின்றது.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு? கையெழுத்தப் போடும்மா," என்றார் மேலாளர் தவமணி.

"என் ஜோடி கஸ்பார் அண்ணன் கடலுக்குக் கீழ மயங்கிக் கெடந்தாவ, சார். அவிய சட்டையில காத்து ஏத்த நாப்பது தடவ பட்டன அமுக்குனேன். 'அந்நிய விரல்'னு சொல்லிட்டுச் சும்மா கெடந்துச்சு. கூட முங்குனவ அந்நியமா?"

"ஒரு சட்டைக்கு ஒரு விரல்தான் பதியும். பாதுகாப்புக்குத்தான். அது குறை இல்ல."

"ஆளு செத்துருக்கு. குறை இல்லையா?"

படிவத்தைக் கிழித்து அவர் மேசையிலேயே போட்டாள்.

மறுநாள் காலை படகில் சிலுவை போட்டுக்கொண்டு, தன் சட்டையிலிருந்த தன் விரல் பதிவை அழித்தாள். புதிய ஜோடி மொபீனாவின் கட்டைவிரலை அதில் பதியச் செய்தாள். மொபீனாவின் சட்டையில் தன் விரலைப் பதித்தாள். படகிலிருந்த மற்ற பத்துப் பேரும் தங்கள் ஜோடியோடு அப்படியே செய்தார்கள்.

படகு கிளம்பும்போது துறையில் நின்று தவமணி கத்தினார். "கிறுக்குப் பிடிச்சிருக்கா? உங்க சட்டைல நீங்களே காத்து ஏத்த முடியாதே!"

"பக்கத்துல இருக்கவ ஏத்துவா, சார்."

பவளம் நடும் இடம் வந்ததும் பிரகாசியும் மொபீனாவும் சேர்ந்தே குதித்தார்கள்.