தலைவரே, சாப்டாச்சா?

எதிரி மேல் வீச வேண்டிய குண்டை என் அணிக்காரி வாடாமல்லி மேலேயே வீசிவிட்டேன். கைப்பேசி விளையாட்டுதான், ஆனாலும் ஆள் காலி. நாற்பத்தாறு வயது வீரனின் குறி அப்படி.

அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக நான் வெறும் ‘ஏ செக்‌ஷன் சார்’. வாடாமல்லிக்கு மட்டும்தான் தலைவர். முகமும் குரலும் தெரியாத அவள், “தலைவரே, சாப்டாச்சா?” என்று எட்டு மாதமாகத் தினமும் விளையாட்டுக்குள்ளேயே எழுதிக் கேட்கிறாள். முதுகுவலி முதல் கிடைக்காத பதவி உயர்வு வரை எல்லாவற்றையும் அவளிடம் கொட்டியிருக்கிறேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுவதற்குள் சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

“அட மனுஷா, என்னையே போட்டுட்டீங்களே!”

எட்டிப் பார்த்தேன். என் மனைவி மங்கையர்க்கரசி நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் கைப்பேசி. அதில் வாடாமல்லி குப்புறக் கிடந்தாள்.

எட்டு மாதமாகவா? சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

“ஏன் மங்கை, ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு... என்கிட்ட நேராவே கேட்டிருக்கலாமே?”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“தினமும் கேட்டேங்க. இங்க ‘ம்’னீங்க. அங்கதான் பதில் சொன்னீங்க.”