மூன்றாவது மாடியின் ஆட்டம்

ஏற்காட்டில் எழும்பிக்கொண்டிருந்த நாலு மாடி ஓட்டல், நொடிக்கு நொடி மாறும் காற்றில் எப்படி ஆடும் என்று சேலத்துக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார் இன்ஜினியர் தேவசிகாமணி. காற்று ஓய்ந்ததும் மற்ற மாடிகள் அடங்கிவிட்டன. மூன்றாவது மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. "மெஷினுக்குக் கிறுக்கு" என்று சிரித்துவிட்டு மலையேறினார்.

மேஸ்திரி சிங்கராயர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏனுங்க சார், மூணாவது மாடியில மட்டும் செவுத்துக்கு நேர் பாக்கலாம்னா தூக்குக்குண்டு நிக்கவே மாட்டேங்குதுங்க. செவுரு எழுப்ப முடியலீங்க."

"கை நடுங்குனா குண்டு ஆடத்தான் செய்யும்."

"ஆணியில தொங்கவிட்டிருக்கேனுங்க."

தேவசிகாமணி மேலே போய், ஆடிய குண்டை இரண்டு விரலால் பிடித்து நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா?" என்று பெருமையாகத் திரும்பினார்.

மேஸ்திரி குண்டைப் பார்க்கவில்லை; ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சட்டத்துக்குள், கீழே தெரிந்த ஏற்காட்டு ஏரி மெதுவாக இடமும் வலமும் போய்வந்துகொண்டிருந்தது.