சத்தமில்லாத சனிக்கிழமை

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஓவர்டைம் முடிந்து வந்த ட்ரேசிக்கு, வேறு யார் வீட்டிலோ நுழைந்துவிட்டோமோ என்று தோன்றியது. காலையில் முதன்முறையாகப் பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுப் போயிருந்தாள். இப்போது ஐந்து வயது கோலினும் தங்கையும் குளித்து, சாப்பிட்டு, பவுடர் பூசி, சோபாவில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். கழுவாத தட்டு, மங்கு ஒன்றுகூட இல்லை.

"எப்படிங்க?"

"இதுல என்னா லா கஷ்டம்?" பெர்னார்ட் காலை நீட்டிக்கொண்டான். "பிள்ளைங்கள அன்பாப் பாத்துக்கணும். நீ கத்துறது அடுத்த ஊரு செமோர் வரைக்கும் கேக்குது."

ட்ரேசிக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடமாகக் கத்துகிறாள். அவனுக்கு ஒரே நாளில் முடிந்தது தனக்கு ஏன் முடியவில்லை? குறை பிள்ளைகளிடம் இல்லை, தன்னிடம்தான் போலிருக்கிறது.

"இனிமே கத்தமாட்டேங்க."

"பரவால்ல. போகப் போகப் பழகிடும்" என்று மன்னித்தான் பெர்னார்ட்.

ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அன்று கோலினின் முறை. ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் வாய் திறக்கக்கூடாது என்பது பெர்னார்ட் போட்ட சட்டம்.

கோலின் கண்களை இறுக மூடினான்.

"ஏசப்பா, காலையிலேருந்து எங்களக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மங்கெல்லாம் கழுவுன பக்கத்து வீட்டு தினேஸ்வரி ஆண்ட்டிய ஆசீர்வதிங்க. அப்பா சாயங்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சிட்டாரு, ஸ்தோத்திரம். அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு. அதான் ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

"ஆமென்!" என்றாள் ட்ரேசி.

அது செமோர் வரைக்கும் கேட்டிருக்கும்.