முதுகில் வெயில்

அவள் பின்னால் வருகிறாளா?

அவனுக்குத் தெரியவில்லை.

சக்கரத்துக்கு அடியில் சரளை நொறுங்குவது கைப்பிடியின் நடுக்கத்தில் தெரிகிறது. காதுக்குத்தான் எட்டவில்லை. ஒரு காய்ச்சலில் காது போய் எட்டு மாதம் ஆகிறது.

முன்பெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. அவள் சைக்கிள் டயர், பொரி வறுக்கிற மாதிரி சரளையில் பொரிந்துகொண்டே பின்னால் வரும். அந்தச் சத்தம் நின்றால் அவனும் நிற்பான்.

இப்போது திரும்ப வேண்டியிருக்கிறது.

தலை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் கை திரும்பும். கைப்பிடி ஒரு விரல்கடை நகர்ந்தால் போதும். தார்ச்சாலை அதைப் பொறுத்துக்கொள்ளும். சரளை பொறுக்காது, முன்சக்கரத்துக்கு அடியில் உருண்டுவிடும்.

போன ஞாயிறு விழுந்தான். அதற்கு முந்தைய ஞாயிறும் விழுந்தான்.

முழங்கையில் மருந்து தடவியபடி அவள் சொன்னாள். உதட்டைப் பார்த்து அவன் புரிந்துகொள்ளட்டும் என்று, நிறுத்தி நிறுத்தி.

"இன்னொரு வாட்டி விழுந்தீங்க, ரெண்டு சைக்கிளையும் வித்துடுவேன். சொல்லிட்டேன்."

எல்லாம் செய்து பார்த்தாயிற்று.

கைப்பிடியில் கண்ணாடி மாட்டினார்கள். சரளையில் கண்ணாடி நடுங்கியது. அதில் அவள் ஒரு நீலக் கறையாகத் தெரிந்தாள்.

காது மெஷின் காற்றின் இரைச்சலைத்தான் பெரிதாக்கியது. இப்போது சட்டைப் பையில் கிடக்கிறது.

இரண்டு சைக்கிளையும் கயிற்றால் இணைத்தார்கள். செம்மண் மேட்டில் ஏறும்போது கயிறு விறைத்தது. இறக்கத்தில் தொய்ந்து அவள் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. இருவரும் தரையில் உட்கார்ந்து சிக்கெடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு கேட்காததால், அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பக்கத்தில் பக்கத்தில் போகவும் வழியில்லை. மேடுகள் முடிந்து கழுவெளிச் சதுப்பு தொடங்கியதும் பாதை ஒரு கரையாகச் சுருங்கிவிடும். இருபுறமும் சேறு. நடுவில் பைக்குகள் ஓடி ஓடி அழுத்திய ஒற்றைத் தடம் மட்டும் கெட்டி. மற்றதெல்லாம் உதிரிச் சரளை.

அவளை முன்னால் விடலாம். ஆனால் பின்னால் வரும் மீன்வண்டியின் ஹாரன் அவனுக்குக் கேட்காது. அவனுக்கும் சேர்த்துக் கேட்க அவள் பின்னால் இருக்க வேண்டும். ஹாரன் கேட்டால் எட்டி வந்து முதுகில் தட்டுவாள்.

முன்னால் விட்டால், அவள் திரும்பிப் பார்ப்பாள். விழுவது அவளாக இருக்கும்.

இன்றும் ஞாயிறு. கிழக்கே, மரக்காணம் நோக்கி. கடலோரத்தில் அவளுடைய அக்கா வீட்டில் இட்லி. பிறகு உச்சிவெயிலில் வீடு திரும்புவது. இப்போது சூரியன் எதிரே. கண் கூசுகிறது.

திரும்பவே கூடாது.

நூறு மிதி எண்ணினான்.

நூற்றிருபது.

திரும்பினான்.

அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். அவன்தான் கீழே கிடந்தான்.

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவன் பேண்ட்டில் ஒட்டிய சரளையைத் தட்டிவிட்டாள். இரண்டு சைக்கிளையும் தூக்கி மேற்கே திருப்பி வைத்தாள். வீட்டுப் பக்கம்.

அவன் முன்னால் மிதித்தான். கடைசித் தடவை என்பதால் மெதுவாக மிதித்தான். தலை குனிந்திருந்தது.

அதனால்தான் பார்த்தான்.

சரளையில் அவன் நிழல் நீண்டு கிடந்தது. அதற்கு வலப்பக்கம் இன்னொரு நிழல். தலையில் விளாங்காயை வைத்த மாதிரி ஒரு கொண்டை.

கொண்டை ஆடியது.

வேகத்தைக் குறைத்தான். அந்த நிழல் முன்னேறி வந்தது. வேகமாக மிதித்தான். பின்தங்கியது. அவசர அவசரமாக மறுபடி வந்து சேர்ந்துகொண்டது.

தை மாதத்துச் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை, கொஞ்சம் தெற்கே தள்ளி எழும். அதனால் இரண்டு நிழலும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் அடுத்தடுத்து விழுந்தன. ஒரு சைக்கிளுக்கே இடம் போதாத கரையில் இருவரும் ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று அந்த நிழல் கையைத் தூக்கியது.

அவன் ஒதுங்கி, ஓரத்துப் புல்லில் காலூன்றி நின்றான். மீன்பெட்டி கட்டிய பைக் ஒன்று கடந்து போனது. பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் கோடாக ஒழுகியது.

முதுகில் தட்டத் தூக்கிய கையை இறக்காமல் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க... கேட்டுச்சா?"

முகமெல்லாம் மலர்ந்திருந்தது. அவன் இல்லையென்று தலையாட்டி, தரையைக் காட்டினான்.

அவள் பார்த்தாள். புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு தரையைப் பார்த்தபடியே கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"வேணி! சனிக்கிழமையே கிளம்பிடலாம்!"

குரலின் அளவு அவனுக்குத் தெரியவில்லை. சதுப்பிலிருந்து கொக்குகள் கூட்டமாக எழுந்தன.

"மெதுவாங்க. எல்லாம் பறக்குது பாருங்க."

அவன் குரலைத் தாழ்த்தி, விரல் விட்டு எண்ணிச் சொன்னான்.

சனிக்கிழமை சாயங்காலம் கிழக்கே போவது. ராத்திரி அக்கா வீட்டில் படுத்துக்கொள்வது. ஞாயிறு காலை, வெயில் ஏறி நிழல் குட்டையாகும் முன் மேற்கே திரும்புவது. போகும்போதும் வரும்போதும் வெயில் முதுகில்தான் இருக்கும். பின்னால் வருகிறவள் முன்னால் தெரிவாள். போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம்.